பிள்ளைக்கு ஓயாத தடுமல்: பெற்றோர் அறிய வேண்டியவை



கடைக்கு வந்த மூட்டையில் ஒரு கிலோ எடை குறைந்தாலும் அன்றே கண்டுபிடித்துக் கேட்டுவிடுகிறோம். ஆனால் வீட்டில் நம் பிள்ளை மூன்று மாதமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிவதைக் கண்டும், "சின்னப் பிள்ளைக்குச் சளி பிடிப்பது சகஜந்தானே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சுங்கை புரோங், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நம்மில் பலர், விடியுமுன் கடை திறந்து, பிள்ளை உறங்கிய பிறகே வீடு திரும்புகிறோம். பிள்ளை இரவில் எப்படி மூச்சு விடுகிறது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். அவர்கள் சொல்லும்போது நாம் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சளி எத்தனை முறை வருவது இயல்பு?

முதலாவதாக, வீணாக அஞ்ச வேண்டியதில்லை. தடுமலை உண்டாக்கும் வைரஸ் கிருமிகளில் ஒரு வகைக்கு மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட உட்பிரிவுகள் உண்டு. ஒன்றுக்கு உடல் பழகினால் அடுத்தது வரும். ஆகையால் சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதற்கு மேலும் வரலாம். இத்தகைய சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே நீங்கிவிடும். இடையில் பிள்ளை நன்றாகத் தின்று, விளையாடி, வளர்ந்து வந்தால் பெரிய பயமில்லை.

ஒவ்வாமை என்பது யாது?

இரண்டாவது, சளியைப் போலவே தோன்றி, சளியாக இல்லாதது. பிறருக்குத் தீங்கு செய்யாத தூசியையோ, பூவின் மகரந்தத்தையோ, பூனையின் தோல் துகளையோ சிலருடைய உடல் பகையென்று எண்ணி எதிர்க்கிறது. இதையே ஒவ்வாமை என்கிறோம். வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் பான் பிர்க்கே 1906-ல் இதற்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். ஆயினும், அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இஸ்லாமிய உலகின் பெரும் மருத்துவர் அர்ராஸீ, வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போது அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்குத் தடுமல் ஏன் உண்டாகிறது என்பதை ஆராய்ந்து தனியே ஒரு நூல் எழுதியுள்ளார். 'எப்போது வருகிறது, எதன் அருகில் வருகிறது' என்று கேட்பதே இந்நோயை அறியும் வழி. அந்த வழியை நமக்குக் காட்டியவர்களில் நம் முன்னோரும் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறுபாட்டை அறிவது எப்படி?

சளியில் காய்ச்சலும் உடல் நோவும் இருக்கலாம்; சில நாளில் தீரும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கும் கண்ணும் அரிக்கும். காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். மூக்கில் தண்ணீராக ஒழுகும். பிள்ளை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும். வாயைத் திறந்து உறங்கும். கண்ணின் கீழ் கருமை படரும். வாரக்கணக்கில் நீடிக்கும். குடும்பத்தில் ஆஸ்துமா, கரப்பான் உள்ளவர் இருந்தால் ஐயம் இன்னும் வலுப்படும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதாலேயே அதற்கு ஆன்டிபயாட்டிக் மருந்து வேண்டும் என்பது தவறான எண்ணம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், பிள்ளை கடலையையோ மணியையோ உள்ளே திணித்திருக்கலாம். அதை நாமே தோண்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நிற்க. இதில் இழப்பு என்னவென்று சிலர் கேட்கலாம். மூக்கடைப்பு நீடித்தால் நடுக்காதில் நீர் கோத்துப் பிள்ளைக்குக் காது மந்தமாகும். இரவில் உறக்கம் கெடும். வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதிதான் விழும். நாமோ "படிப்பில் கவனமில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வோம். பிழை பிள்ளையிடமில்லை!

நம் வட்டாரமும் நம் வீடும்

நம் ஊர் ஈரக் காற்றில் மெத்தை, தலையணைகளில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் செழித்து வளரும். மலேசியாவில் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களில் இவை ஒன்று. ஆகவே விரிப்பையும் உறையையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுக. கடைக்கு மேல்மாடியிலோ பின்கட்டிலோ குடியிருப்பவர்கள் மிளகாய், மசாலாத் தூசி படுக்கையறைக்கு ஏறாதபடி பார்த்துக் கொள்வது அவசியம். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. எல்லாவற்றிலும் கெட்டது சிகரெட் புகை. உணவுக் கடைகளில் புகைபிடிக்க 2019 ஜனவரி முதல் அரசாங்கம் தடை விதித்தது. வாடிக்கையாளரை வெளியே போகச் சொல்லும் நாம், வீட்டு வாசலில் அமர்ந்து புகைக்கலாமா?

புகைமூட்டக் காலத்தை மறக்கலாகாது. சுமத்ராவில் எரிந்த காட்டுத் தீயால் 2005 ஆகஸ்ட் 11-ல் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

மூத்த பிள்ளைக்குத் தந்து மீந்த மருந்தை இளையதற்குக் கொடுக்கலாகாது. இருமல் மருந்தைக் கைக்கணக்கில் ஊற்றலாகாது. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது ஆபத்து. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தேன் நல்லதே, ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரலாகாது. ஓதி ஊதித் துஆச் செய்வோம். அத்துடன் மருந்தையும் நாடுவோம். இரண்டுக்கும் பகையில்லை.

டாக்டரிடம் போகும் முன்

வியாபாரிக்குக் கணக்கெழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைப் பேரேட்டின் பக்கத்தில் பிள்ளைக்கும் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, காய்ச்சல் உண்டா, இரவில் இருமலா, அன்று என்ன தின்றது, எங்கே விளையாடியது, என்ன மருந்து கொடுத்தோம் என்று நான்கு வாரம் எழுதுக. அரை மணி நேரம் விசாரித்தாலும் கிடைக்காத செய்தி டாக்டருக்கு அதில் கிடைக்கும்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளியே. தேவையென்றால் கடிதம் பெற்று, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற இடங்களில் நிபுணரைக் காணலாம். தோலில் ஊசி முனையால் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தச் சோதனையும் உண்டு. மூக்கில் அடிக்கும் மருந்து, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து இவற்றைக் கண்டு "பழக்கமாகிவிடும்" என்று அஞ்சிப் பாதியில் நிறுத்துவோர் பலர். டாக்டர் சொன்ன அளவில் தந்தால் அவை போதைப் பழக்கம் ஆவதில்லை.

உடனே ஓட வேண்டிய வேளைகளும் உண்டு. பிள்ளை மூச்சு விடும்போது விலா எலும்பின் கீழ் குழி விழுதல், உதடு நீலமாதல், பால் குடிக்க முடியாமை, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திராதீர்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷத்து மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணை எட்டினால் அபாயம். நள்ளிரவானாலும் கடைச் சாவியைத் தேடாமல் வண்டிச் சாவியை எடுங்கள்.

சகோதரர்களே! இன்று விற்காத சரக்கு நாளை விற்கும். கடை ஒரு நாள் அடைத்துக் கிடந்தால் குடி முழுகிப் போவதில்லை. பிள்ளையின் மூச்சும் செவியும் அப்படியல்ல. இன்றிரவு வீடு திரும்பியதும், விளக்கை அணைக்குமுன் பிள்ளையின் அருகில் ஒரு நிமிஷம் அமர்ந்து அதன் மூச்சைக் கேளுங்கள். நம் மக்கள் யாவருக்கும் வல்ல அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.