புளியங்கொட்டையும் சால்மோனெல்லாவும்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்திய மறுநாள், சத்துணவு நேரத்தில் ஒரு மாணவி முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நீங்கதானே டீச்சர், கோழியில மருந்துக்குச் சாகாத கிருமி இருக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

சிறுசேரியில் எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அன்றாடம் உறுதியாகக் கிடைக்கும் சத்தான உணவு அந்த முட்டைதான். பாதிப் பாடத்தோடு நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வகுப்பில் மீதியைப் புளியங்கொட்டை கொண்டு நடத்தினேன்.

செயல்பாடு

ஒவ்வொரு குழுவுக்கும் 16 சாதாரணக் கொட்டைகளும் சிவப்பு மை தடவிய 32 கொட்டைகளும் தேவை. எல்லாம் சால்மோனெல்லா. சிவப்பு, மருந்தைத் தாங்கும் மரபணு உள்ளவை. முதலில் 16 சாதாரணமும் 4 சிவப்பும் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த அளவு மருந்து தருகிறோம். சாதாரணக் கொட்டைகளில் பாதியை எடுத்துவிட வேண்டும். பிறகு எஞ்சியவை இனப்பெருக்கம் செய்கின்றன. இரு நிறத்தையும் இரட்டிப்பாக்க வேண்டும். மூன்று சுற்று முடிவில் சாதாரணம் அதே 16. சிவப்போ 4, 8, 16, 32 என்று பெருகியிருக்கும். ஐந்தில் ஒன்றாக இருந்தது மூன்றில் இரண்டு ஆகிவிட்டது.

கலந்துரையாடல்

"மருந்துதான் சிவப்புக் கொட்டையை உண்டாக்கியதா?" என்று கேளுங்கள். இல்லை, முன்பே இருந்ததற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று நாம் சொல்வதும் பிழையே. மாறியது உடம்பு அல்ல, கிருமிக் கூட்டம். இந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தால், ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

நோயில்லாத கோழிக்கு ஏன் மருந்து? ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில் வளர்வதால், நோய் வருமுன் தடுக்கவும் எடை கூட்டவும் தீவனத்திலோ தண்ணீரிலோ கலக்கும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. வேறு மருந்து கேட்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக நாடும் கொலிஸ்டினும் அதில் ஒன்று. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

விட்டுப்போன பாதி

மருந்தைத் தாங்குவது வேறு, வெப்பத்தைத் தாங்குவது வேறு. சிவப்புக் கொட்டையும் கொதிநீரில் சாகும். எனவே நன்றாக வேகவைத்த முட்டையையும் கறியையும் அஞ்ச வேண்டியதில்லை. கவனம் வேண்டியது ஆஃப்பாயிலிலும், பச்சைக் கறி நறுக்கிய பலகையில் கழுவாமல் வெங்காயம் நறுக்குவதிலும், கறி தொட்ட கையிலும்தான். கோழிக்கடை நடத்தும் பெற்றோரின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். குற்றம் சாட்டும் தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு

1. நான்காம் சுற்றில் எத்தனை சிவப்புக் கொட்டைகள் இருக்கும்?
2. மருந்தே தராமல் மூன்று சுற்று ஆடினால் சிவப்பின் பங்கு மாறுமா?
3. சளிக்கு வைரஸ் காரணம் என்றால், மீந்துபோன ஆண்டிபயாடிக் மாத்திரையை அதற்கு விழுங்கலாமா?

மறுநாள் அந்த மாணவி முட்டையைச் சாப்பிட்டாள். "ஆஃப்பாயில் மட்டும் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள்.