மறதியுற்ற தந்தையைக் காணச் செல்வோர் அறிய வேண்டியவை

நோயுற்றாரை நேரில் கண்டு நலம் விசாரித்தல் நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் நல்வழக்கம். ஆயினும் நினைவாற்றல் குன்றிய முதியவரைக் காண்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றிருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆகவே இப்பயிற்சி எல்லா இல்லங்களுக்கும் உரியதே.

மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தார். புதிய செய்திகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி இந்நோயில் தொடக்கத்திலேயே பழுதுறுகிறது. அதனால் காலையில் உண்ட உணவு மறந்துபோகும்; இளமையில் கேட்ட இராஜபாளையம் பஞ்சாலைச் சங்கொலி நினைவில் நிற்கும். மகளை இன்னும் சிறுமியாகவே எண்ணியிருக்கும் தந்தை, எதிரே நிற்கும் நரைத்த தலையினளை அடையாளம் காணாதது அன்புக் குறைவால் அன்று.

“போய் என்ன பயன்? மறந்துவிடுவாரே” என்று உறவினரும் நண்பரும் வரவைக் குறைத்துக்கொள்வதுண்டு. இதற்கு விடை 2014இல் கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயுற்ற 17 பேருக்குத் துயரக் காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் தனித்தனியே திரையில் காட்டினர். பார்த்தவை விரைவில் மறந்துபோயின. துயரமும் மகிழ்ச்சியும் அதன் பின்னரும் நீடித்தன. நம் வருகையும் இவ்வாறே. வந்தவர் யார் என்பது மறையும். அவர் தந்த உணர்வு தங்கும்.

முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் இந்நோயுற்றிருந்தபோது, அவரைச் சந்திப்பது பற்றி வழக்கே நடந்தது. அவருடைய நெடுங்கால அரசியல் தோழர் ஜெயா ஜேட்லி பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை அவரைக் காண 2012இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நமக்கோ எந்தத் தடையும் இல்லை.

எங்கள் மம்சாபுரம் போன்ற ஊர்களில், வந்தவர் திண்ணையில் அமருமுன்னரே, “என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்பர். வகுப்பறையில் தேர்வு வைப்பது கற்பிப்பதற்கு உதவும். இங்கு அது கூச்சத்தையே தரும். கேள்வி மறந்த பின்னும் அக்கூச்சம் நிற்கும். எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக.

1. பெயரையும் உறவையும் நாமே முதலில் சொல்ல வேண்டும். “அப்பா, உங்கள் மூத்த மகள் வந்திருக்கிறேன்” என்றால் போதும்.

2. ஒருவர் இருவராகப் பகற்பொழுதில் செல்க. பலருக்கு மாலையில் குழப்பம் மிகும். தொலைக்காட்சியை நிறுத்திவிடுக.

3. பழைய புகைப்படம், ஆடிப்பூரத் தேர், உடன் வேலை செய்தோர் ஆகியவற்றைப் பற்றி நாமே பேச்சைத் தொடங்கலாம். அவர் ஒன்றையே பத்து முறை சொன்னாலும் முதல் முறை போலக் கேட்க வேண்டும்.

4. அவர் எதிரிலேயே அவர் குறைகளைப் பிறரிடம் பேசலாகாது.

5. மறைந்த மனைவியை “எங்கே?” எனக் கேட்பார். இறந்த செய்தியை ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதிதாகத் துயருறுவார். வாய்மையும் இன்னா செய்யாமையும் இங்கு மோதுவது போல் தோன்றும். பொய் கூற வேண்டியதில்லை. “அம்மாவின் நினைவு வந்துவிட்டதா? அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் இரண்டும் காக்கப்படும்.

6. அவரைக் கவனித்துக்கொள்பவரிடம், “ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்” என்று கூறுவதும் நலம் விசாரித்தலின் பகுதியாகும்.

குழப்பம் ஓரிரு நாள்களில் திடீரென மிகுந்தால் அதனை மறதியென விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொற்று போன்ற வேறு காரணம் இருக்கலாம். முதியோருக்கான 14567 என்னும் உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

இல்லப் பயிற்சி: பெற்றோர் நினைவோடு இருக்கும்போதே அவர்தம் இளமை நண்பர், விரும்பிய பாடல், பார்த்த வேலை, வாழ்ந்த தெரு ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் காண வருவோர் பேச்சைத் தொடங்க அது உதவும்.