தலையைத் தூக்கி மேலே பாருங்கள்: கட்டடத்தைப் பாதுகாப்பாகச் சோதிப்பது எப்படி?



சுபாங் ஜெயாவில் எங்கள் இளைஞர் பிரிவு சனிக்கிழமைதோறும் டியூஷன் நடத்துது. ஒரு பழைய மூன்று மாடிக் கடைவீட்டின் முதல் மாடியை அதற்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். முப்பது பிள்ளைகள் வருவாங்க. நான் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆனாலும் அந்த அறையில் இரண்டு வருஷம் வகுப்பு எடுத்து, ஒருநாள்கூட தலையைத் தூக்கி மேலே பார்த்ததில்லை.

போன வருஷம் தொழிற்பயிற்சிக்காக, கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே கற்றதை நம் இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பாடம். நாளைக்கு நீங்க ஒரு கொண்டோ வாங்கலாம், கோயில் மண்டபத்தில் முகாம் நடத்தலாம், அப்பா அம்மாவின் தாமான் வீட்டைப் பழுது பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் இது உதவும்.

முதல் பாடம்: நீ முதலில் உயிரோடு இறங்கு

பயிற்சியில் மூன்றாவது நாள். ஒரு பழைய கிடங்கு. ஏணி சாய்த்திருந்தது. கூரையைப் படம் எடுக்கலாமே என்று நான் பாட்டுக்கு ஏறிவிட்டேன். கூரைத் தகட்டில் கால் வைக்கப் போகும்போது கீழே இருந்து மூத்த பொறியியலாளர் அண்ணன் கத்தினார். இறங்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நீ மேலே போனது யாருக்குடா தெரியும்?”

பதில் இல்லை. அது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு. பார்க்க உறுதியாக இருக்கும், ஆள் எடையைத் தாங்காமல் சட்டென்று உடையும். உடைந்தால் பறக்கும் இழைகள் நுரையீரலுக்குக் கேடு. அன்றைக்கு அவர் சொன்ன விதிகளை அப்படியே தருகிறேன்.

ஒன்று, தனியாகப் போகாதே. எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

இரண்டு, ஏணி நான்கு அடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி நிற்க வேண்டும். ஏறி இறங்கும் இடத்துக்கு மேலே மூன்றடியாவது நீண்டிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, சிலிங் பலகை மேல் மிதிக்காதே. அது தரை இல்லை, வெறும் மூடி.

நான்கு, ஈரமான இடத்தில் மின்சாரப் பெட்டியைத் தொடாதே. எரிந்த வாடை வந்தால் அங்கேயே நிறுத்து, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடு.

ஐந்து, மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்காதே. உள்ளே காற்று இருக்கும் என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் பல உண்டு.

ஆறு, மூடிய காலணி, கையுறை, முகக்கவசம், டார்ச் லைட் கட்டாயம். எலி நடமாடும் இடத்தில் வெறுங்கையோடு தடவிப் பார்க்காதே. எலிச் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும்.

பார்க்க முடியாத இடத்தைப் “பார்க்கவில்லை” என்று எழுதுவது வெட்கம் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதுதான் பாவம்.

இரண்டாம் பாடம்: கட்டடத்துக்கு வெளியே தொடங்கு

நம்மில் பலர் வீட்டைப் பார்க்கப் போனால் நேரே உள்ளே போய் டைல்ஸைத் தட்டிப் பார்ப்போம். ஆனால் சோதனை வெளியே தொடங்க வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு வேதனையான சாட்சி இருக்கிறது.

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம். உலு கிள்ளானில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. 12 மாடி. 48 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் விழுந்ததற்குக் காரணம் அதன் தூணோ பீமோ தேய்ந்துபோனது அல்ல. பின்னால் இருந்த மலைச்சரிவில் வடிகால் சரியில்லை. நாள்கணக்கில் பெய்த மழைநீர் மண்ணில் இறங்கியது. சரிவு படிப்படியாகச் சரிந்து அடித்தளத்தைத் தள்ளியது. ரயில் தண்டவாள இரும்பால் அடித்திருந்த பைல்கள் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் வரும் அந்தத் தள்ளலைத் தாங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளுக்குள் போய் எத்தனை முறை சுவரைத் தட்டியிருந்தாலும் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. அதனால்தான் முதலில் வெளியே சுற்றி வர வேண்டும். பின்னால் சரிவு இருக்கிறதா? தாங்குசுவர் வெளியே வயிறு தள்ளி நிற்கிறதா? அதிலுள்ள நீர் வெளியேறும் துளைகள் அடைத்திருக்கின்றனவா? கால்வாய் குப்பையால் நிரம்பியிருக்கிறதா? மரமோ விளக்குக் கம்பமோ சாய்ந்திருக்கிறதா? மழை பெய்யும்போது ஒருமுறை போய்ப் பார்ப்பது பத்து வெயில் நாள் பார்ப்பதற்குச் சமம்.

அந்த வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000-இல் உயர்நீதிமன்றம், மேம்பாட்டாளர் முதல் நகராண்மைக் கழகம் வரை பலரையும் பொறுப்பாளிகள் என்றது. ஆனால் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. “யாராவது பார்த்துப்பாங்க” என்று நாம் இருந்துவிட முடியாது என்பதுதான் இதில் நான் கற்றது.

மூன்றாம் பாடம்: மேலிருந்து கீழே, தண்ணீர் போகும் வழியில்

உள்ளே வந்ததும் கூரையில் தொடங்கிக் கீழ்த்தளம் வரை இறங்குங்கள். தண்ணீர் அப்படித்தான் போகும். கட்டடத்தின் பெரும்பாலான நோய்களுக்கு மூலம் தண்ணீர்தான். ஒவ்வோர் அறையிலும் ஒரே வரிசை: சிலிங், நான்கு சுவர், தரை, கதவு ஜன்னல், குழாய், மின்சாரம். வரிசை மாறினால் ஏதாவது விட்டுப்போகும்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் தலைமுடி போல் ஓடும் கீறல் பெரும்பாலும் சிமெண்டு காய்ந்ததால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் சாய்வாக ஏறும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். பழைய வீட்டுக்கும் பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறைக்கும் நடுவில் நேராக ஓடும் விரிசல், நம் தாமான் வீடுகளில் அடிக்கடி காண்பது. இரண்டு பகுதியும் வேறு வேறு அளவில் மண்ணில் இறங்குவதால் வருவது.

தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையில் விரிசலும் பழுப்புக் கறையும் சேர்ந்து வந்தால் உடனே பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிரும்.

விரிசல் வளர்கிறதா என்று அறிய எளிய வழி: அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். முனை கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

புது வீடு சாவி வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. மேம்பாட்டாளரிடமிருந்து ஜி அல்லது எச் அட்டவணை ஒப்பந்தத்தில் வாங்கிய வீட்டுக்கு 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. குறையை எழுத்தில் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்லிட்டேன் என்று இருக்காதீங்க. கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். சரிவராவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் பார்க்கிறோம். அதற்கு முன்னே சோதனைக்கும் ஒரு நாள் பாருங்கள்.

நான்காம் பாடம்: கண்டதைச் சொல்லும் தைரியம்

பயிற்சி தொடங்கி மூன்றாவது சனிக்கிழமை டியூஷனுக்குப் போனேன். முதன்முறையாக மேலே பார்த்தேன். இரண்டாவது வரிசை மேசைக்கு மேல் பீமின் அடியில் நேராக ஒரு விரிசல், பழுப்புக் கறையோடு. மேல்மாடியில் அந்த இடத்தில்தான் குளியலறை.

வயிறு கலங்கியது. ஆனால் உடனே சொல்லவில்லை, ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். எஸ்.பி.எம். சோதனைத் தேர்வு நெருங்கி வந்தது. “ரெண்டு வாரம் டிரெயினிங் போயிட்டு வந்து இன்ஜினியர் ஆயிட்டியா?” என்று கேட்பாங்களே என்ற கூச்சம் வேறு. அந்த வாரமும் அதே பீமின் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் தலைவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “உறுதியா தெரியுமா?” என்றார். “தெரியாதுண்ணா. அதனாலதான் தெரிஞ்சவரைக் கூப்பிடணும்” என்றேன். பயிற்சியில் இருந்த அண்ணன் மறுநாளே வந்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, நீளமான கம்பால் பீமைத் தட்டினார். டொப் டொப் என்று உள்ளே வெற்றுச் சத்தம். நாலாவது தட்டில் கை அளவு கான்கிரீட் துண்டு மேசை மேல் விழுந்தது. யாரும் பேசவில்லை.

வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினோம். சில பெற்றோர் தூரம் என்று குறைப்பட்டார்கள். அந்தத் துண்டைக் காட்டிய பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் சர்ப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அன்று சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியியலாளர் நீச்சல்குளத் தளத்தின் கீழ் பெரிய சேதம் இருப்பதை எழுதிக் கொடுத்திருந்தார். கண்டுபிடிப்பது பாதி வேலை. செயல்படும் வரை விடாமல் சொல்வது மீதிப் பாதி.

அறிக்கை எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: நான் கண்டது, பிறர் சொன்னது, நான் ஊகிப்பது. ஒவ்வொரு குறைக்கும் இடம், தேதி, படம் வேண்டும். பிறகு மூன்று தரம்: உடனே, சீக்கிரம், கவனித்து வா. “கட்டடம் பாதுகாப்பானது” என்று மட்டும் நாம் எழுதக்கூடாது. அது பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியியலாளர் சொல்ல வேண்டியது.

நிறைவாக

ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஏ பிரிவு சொல்கிறது. எங்கள் மூன்று மாடிக் கடைவீடு அதில் வராது. பல மண்டபங்களும் வராது. ஆனால் நமக்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். அஷ்டபந்தனம் தளரும் என்று தெரிந்து அதைப் புதுப்பிக்கிறோம்; கோபுரத்தில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கிப் பழுது பார்க்கிறோம். எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் காலம் தளர்த்தும், ஆகவே தவறாமல் பார் என்பதுதான் அதில் இருக்கும் பாடம். சந்நிதிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, பக்தர்கள் உட்காரும் மண்டபத்துக்கும் பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் காட்டுவோம்.

கலந்துரையாட:

1. உங்கள் கிளை கூடும் இடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது? பிறகு என்ன சேர்த்துக் கட்டப்பட்டது? யாரிடம் கேட்டால் தெரியும்?

2. அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு பேராக வெளியே சுற்றி வாருங்கள். கால்வாய், சரிவு, தாங்குசுவர் மூன்றையும் படம் எடுத்து வாருங்கள்.

3. ஆபத்து என்று சந்தேகம் மட்டும் இருக்கிறது, நிகழ்ச்சி நாளைக்கு. நீங்கள் கிளைத் தலைவர் என்றால் என்ன செய்வீர்கள்?