ஊதலின் பொறுப்பு

மார்க்கண்டேயனின் உயிரைக் கவர வந்த காலன் தடுத்து நிறுத்தப்பட்ட தலம் திருக்கடையூர் என்பது தொன்மம். அவ்வூர்ச் சிறுவர் ஆடும் திடலாயினும் பன்னாட்டு அரங்காயினும், கால்பந்துக் களத்தில் உயிர்காக்கும் கடமை முதலில் நடுவரையே சாரும்.

ஆட்ட விதிகளுள் ஐந்தாவது இக்கடமையை வரையறுக்கிறது. காயம் சிறிதெனில், பந்து களத்தைவிட்டு வெளியேறும்வரை ஆட்டம் தொடரலாம். கடுமையானதெனில் உடனே நிறுத்தப்பட வேண்டும். எது சிறிது, எது கடுமையானது என்பதை நடுவரே கணிக்க வேண்டும்.

அக்கணிப்பு எளிதன்று. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூருவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டியில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கணத்தில் எதிரணி இலக்குக் காவலருடன் மோதிச் சரிந்து உயிரிழந்தார். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் எவரும் மோதாமலேயே விழுந்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் நொடிகளுக்குள் ஆட்டத்தை நிறுத்தினார். மருத்துவர்கள் விரைந்து வந்து, நின்ற இதயத்தை மீண்டும் இயங்கச் செய்தனர். அவர் பின்னர் களத்திற்கும் திரும்பினார்.

இளையோர், அணியில் இடம் பறிபோகுமோ என்றஞ்சி வலியை மறைப்பர். ஆதலால் அவர்தம் ஆட்டத்தில் நடுவருக்குக் கூடுதல் விழிப்பு வேண்டும். தலையில் அடிபட்டாலோ, விழுந்தவர் அசைவற்றுக் கிடந்தாலோ, பந்து யாரிடம் உள்ளது என்று பாராமல் ஊத வேண்டும். தேவையின்றி நிறுத்திய ஆட்டத்தைப் பந்தைத் தரையில் விட்டு மீண்டும் தொடங்கலாம். தாமதத்தால் இழந்த உயிரை மீட்க எந்த விதியும் இல்லை. ஐயம் எழுந்தால் ஊதுவதே அறம்.