விரலில் துணி சுற்றிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் கிளி வளர்க்கிற இளசுகள் பெருகிவிட்டார்கள். முன்பெல்லாம் லயத்து வாசலில் கூண்டு தொங்கினால் அது வேலை ஓய்ந்த கிழவர் ஒருவரின் கிளியாக இருக்கும். இப்போது தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளே காசு சேர்த்து வாங்குகிறார்கள். இந்தியப் பச்சைக்கிளி, காக்கட்டீல், சன் கொனூர் என்று விதவிதமாக. வாங்கிய கொஞ்ச நாளில் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "தாத்தா, நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் கடிக்குது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். குஞ்சுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் வளர்க்கிறவர்கள்தான். அதனால் கீழே இருப்பதில் முக்கால்வாசி உனக்கான பாடம், தம்பி. கிளிக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

1. மரத்தில் இருக்கிற குஞ்சை மரத்திலேயே விட்டுவிடு.

இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்டது நம் பக்கத்தில்தான், 1917-இல், தென்னமரம் தோட்டத்தில். அந்தச் செம்பனைப் பழத்தைத் தேடி நீளவால் கிளிகள் கூட்டமாக வரும். கன்னம் இளஞ்சிவப்பு, வால் நீட்டு. ஆணின் மூக்கு சிவப்பு, பெட்டையின் மூக்கு மங்கல். பார்த்ததும் ஆசை வரும். ஆனால் செம்பனை அதற்குத் தீனி கொடுக்குமே தவிரப் பொந்து கொடுக்காது. முட்டையிடப் பட்டுப்போன பெரிய மரம் வேண்டும். காட்டோடு அந்த மரங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இப்போது அதுவும் இருக்கிறது. பொந்தில் கைவிட்டு எடுத்த குஞ்சை எவனாவது அட்டைப்பெட்டியில் வைத்து விற்றால் வாங்காதே. மலாய்க்காரர்கள் செரிண்டிட் என்கிற குட்டிக் கிளிக்கும் இதே பேச்சுதான். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இவற்றை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் தனி விதிகள் உண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல்கிளிக்கு 2017 ஜனவரியிலிருந்து உலகக் கட்டுப்பாடே கடுமையாகிவிட்டது. எந்த இனமானாலும் பணம் கொடுக்குமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுக்கொள். காகிதம் காட்டத் தயங்குகிற கடையில் கிளி வாங்காதே.

கடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறாயா? கூண்டில் பிறந்த குஞ்சு மனிதக் கையை முதலில் தீனியோடு பார்க்கிறது. காட்டில் பிடிபட்டது அதே கையை முதலில் பிடியாகப் பார்க்கிறது. அந்தப் பயத்தைக் கழற்ற வருஷக்கணக்காகலாம், கழலாமலும் போகலாம்.

2. இறகு முளைக்காத குஞ்சை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதே.

சிரிஞ்சில் மாவு ஊட்டி வளர்த்தால்தான் பாசமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். ஊட்டுகிற மாவு கொஞ்சம் சூடு ஏறினால் தீனிப்பை வெந்துபோகும். ஆறிப்போனால் செரிக்காது. பழகாத கை ஊட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பிழைத்தாலும், பசியாறாமல் அவசரமாகப் பால்குடி மறக்கடித்த குஞ்சு கத்திக் கத்திக் கையைப் பிடுங்கும். தானாகத் தின்னக் கற்ற குஞ்சாக வாங்கு. அது உன்னிடம் ஒட்டாது என்பதெல்லாம் கடைப்பேச்சு.

3. மூக்கு பட்டதெல்லாம் கடி ஆகாது.

கிளிக்கு மூக்குதான் மூன்றாவது கால். கம்பியில் ஏறும்போது பார், முதலில் மூக்கால் பிடிக்கும், பிறகு காலைத் தூக்கி வைக்கும். உன் விரலில் ஏறும்போதும் அப்படித்தான். இது ஆடுமா, தாங்குமா என்று மூக்கால் தொட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் பயந்து விரலை வெடுக்கென்று இழுத்தால் குஞ்சு தடுமாறி விழும். அடுத்த தடவை விழாமலிருக்க இறுக்கிப் பிடிக்கும். நீ இன்னும் வேகமாக இழுப்பாய், அது இன்னும் இறுக்கும். பெரும்பாலான வீடுகளில் கடி தொடங்குவது இப்படித்தான், கோபத்தில் இல்லை.

குஞ்சுகள் உலகத்தை வாயால்தான் தெரிந்துகொள்ளும். பொத்தான், கம்மல், நகம், கைப்பேசி உறை எல்லாவற்றையும் மெல்லும். மென்மையாக மெல்லும்வரை விடு. அழுத்தம் கூடினால் வாய்க்கும் விரலுக்கும் நடுவே ஒரு மரத்துண்டையோ தென்னை மட்டையின் நாரையோ கொடு. "கூடாது" என்று மட்டும் சொன்னால் போதாது. எதைக் கடிக்கலாம் என்றும் காட்ட வேண்டும்.

4. கடிக்குமுன் அது சொல்லிவிடுகிறது. நீ பார்ப்பதில்லை.

இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் எனக்குச் சம்மதம்.

உடம்பை ஒட்டி இறகை இறுக்கி நெடுநெடுவென்று நின்றால் பயந்திருக்கிறது. பிடரி இறகு சிலிர்த்து, வால் விசிறியாக விரிந்தால் கிளர்ச்சியில் இருக்கிறது. அது சந்தோஷமாகவும் இருக்கலாம், சண்டையாகவும் இருக்கலாம். இரண்டிலும் கையை நீட்டாதே. தலையைத் தாழ்த்தி மூக்கைப் பாதி திறந்து காட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவதும் ஓர் அடையாளம். ஆனால் பச்சைக்கிளிக் குஞ்சுக்குக் கண் முழுக்கக் கறுப்பாகத் தெரியும், வளர வளரத்தான் ஓரம் வெளுக்கும். அதனால் குஞ்சில் கண்ணை நம்பாமல் இறகையும் நிற்கிற விதத்தையும் பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஒன்று உண்டு. கூண்டுக்குள் ஓர் அடி பின்னால் நகரும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவுதான். அதைக் கவனித்துக் கையை எடுத்துவிட்டால், அதற்கு மேல் கடுமையாகச் சொல்ல வேண்டிய தேவை கிளிக்கு வராது. கவனிக்காமல் கையை நுழைத்துக்கொண்டே போனால், மெதுவாகச் சொன்னால் இவனுக்குப் புரியாது என்று அது முடிவுகட்டிவிடும். அப்புறம் அடையாளம் எதுவும் காட்டாமல் நேராகவே கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு" என்று வருகிற கிளிகள் பலவும் இப்படித் தயாரானவைதான்.

5. கடித்துவிட்டதா? நாடகம் ஆடாதே.

புக்கிட் மெலாவத்திக்குப் போயிருப்பாய். அங்கே சாம்பல் நிற லங்கூர்கள் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீளவால் குரங்குகள் பையைப் பிடுங்கும். ஏன் பிடுங்கக் கற்றன? பாய்ந்ததும் ஆட்கள் அலறிப் பையைக் கீழே போட்டார்கள், உள்ளே கச்சாங் இருந்தது. பாடம் அத்தோடு முடிந்தது. உன் கிளியும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. கடித்தவுடன் நீ "ஐயோ" என்று குதித்தால், சும்மா கிடந்த மத்தியானத்தில் அதற்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. கடித்தவுடன் கூண்டில் போட்டுச் சாத்தினால், திரும்பிப் போக ஆசைப்பட்ட கிளிக்கு வழி தெரிந்துவிட்டது.

வலிக்கும். பல்லைக் கடித்துக்கொள். முகத்தை மாற்றாமல், பேசாமல், பக்கத்தில் இருக்கிற மேசையிலோ நாற்காலி முதுகிலோ இறக்கிவிட்டு அரை நிமிஷம் வேறு பக்கம் பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சுலபமான ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்குத் தீனி கொடுத்து முடி.

6. ஊர் வைத்தியங்கள்.

மூக்கில் சுண்டாதே, கை என்றாலே அடி என்று நினைக்கும். முகத்தில் ஊதாதே. நாள் முழுக்கத் துணி போட்டு மூடித் தண்டிக்காதே. ஏன் மூடினாய் என்று அதற்குத் தெரியாது. விரலில் மிளகாய் தேய்த்துக்கொள்ளும் யோசனையை யாரோ பரப்பி வைத்திருக்கிறார்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அதனால்தான் பச்சைமிளகாயைக் கொறிக்கின்றன. அது உன் விரலை ருசித்துக் கடிக்கும், நீ அதே விரலால் கண்ணைத் தேய்ப்பாய்.

இறகை வெட்டினால் அடங்கிவிடும் என்பார்கள். பயந்த கிளிக்கு முதல் வழி பறப்பது. அதை வெட்டி எடுத்துவிட்டால் அதனிடம் மிஞ்சுவது மூக்குதான்.

7. விரலுக்கு முன்னால் கொய்யாக் குச்சி.

முதல் வாரம் தொடவே வேண்டாம். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார், பேசு. போகும்போதும் வரும்போதும் தீனிக் கிண்ணத்தில் ஒரு குவாச்சி, அதாவது சூரியகாந்தி விதை, போடு. உப்புப் போட்ட குவாச்சி ஆகாது, கடையில் பச்சையாகக் கேட்டு வாங்கு. குவாச்சியில் கொழுப்பு அதிகம், அதனால் அதைத் தினச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டுச் சன்மானத்துக்கு மட்டும் வைத்துக்கொள். எப்போதும் கிடைக்கிற பொருளுக்கு யாரும் உழைக்க மாட்டார்கள்.

கையிலிருந்து நிதானமாக வாங்கிக்கொள்ளத் தொடங்கியதும் கொய்யாக் கிளையில் ஒரு சாண் வெட்டி, காலுக்குச் சற்று மேலே வயிற்றோரம் மெல்ல வைத்து "ஏறு" என்று சொல். ஏறியதும் குவாச்சி. அடுத்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். எழுந்துபோய் டப்பாவைத் திறந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. குச்சி பழகியதும் நாளுக்கு நாள் உன் விரலைக் குச்சியின் நுனிக்கு அருகே நகர்த்திக்கொண்டே வா. ஒருநாள் குச்சி இல்லாமல் விரல் மட்டும் இருக்கும்.

உடனே சன்மானம் கொடுக்கிற இந்த வித்தை கிளி ஜோசியக்காரர்களுக்குத் தெரியும். 2010 உலகக் கிண்ணக் கால்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் முனியப்பன் என்பவரின் மணி என்ற பச்சைக்கிளி, ஆட்டங்களில் ஜெயிக்கப்போகிறவர்களைச் சொல்லி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தைத் தூக்கி ஏமாந்தது, அது வேறு கதை. ஜோசியம் பலிக்கிறதோ இல்லையோ, கதவு திறந்ததும் வெளியே வந்து, சீட்டை எடுத்து, தானியத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற ஒழுங்கைப் பார். எடுத்த ஒவ்வொரு சீட்டுக்கும் உடனே ஒரு தானியம். அந்தச் சின்னக் கூண்டும் வெட்டிய இறகும் எனக்குப் பிடிக்காது. அந்த நேரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்.

பாடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அது சலிக்குமுன் நீ நிறுத்து.

8. "வேண்டாம்" என்று சொல்ல அதற்கும் ஒரு வழி வை.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977-இல் கடையில் வாங்கிய சாம்பல்கிளி அலெக்ஸ், 2007-இல் சாகும்வரை நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லிப் புகழ் பெற்றது. எனக்கு அதன் எண்ணிக்கையைவிடப் பிடித்தது, பாடம் அலுத்துப்போனால் கூண்டுக்குத் திரும்பிப் போகணும் என்று அது வாய்விட்டுச் சொன்னதுதான். வாயால் கேட்கிற கிளி எதற்குக் கடிக்கப் போகிறது? உன் கிளிக்கு அத்தனை பேச்சு வராது. குச்சியை நீட்டியதும் அது முகம் திருப்பினால், அன்றைக்கு ஏற விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடு. மறுத்தால் மதிப்பு உண்டு என்று தெரிந்த கிளிதான் மறுநாள் தானாக வந்து ஏறும்.

9. தூக்கம் கெட்ட கிளி கடிக்கும்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நம் வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்தான் கூண்டு, நாடகம் முடிய நள்ளிரவு.

10. இறகு உதிர்கிற காலம், பருவம் வருகிற காலம்.

புது இறகு உறைக்குள் இருக்கும்போது தொட்டால் வலிக்கும். தலையைத் தவிர வேறெங்கும் தடவாதே. முதுகையும் வயிற்றையும் தடவுவது எப்போதுமே தவறு, ஜோடி என்று நினைத்துக்கொண்டு பொறாமைப்படத் தொடங்கும். பச்சைக்கிளி நாலைந்து மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் சும்மா சும்மா மிரட்டிப் பார்க்கும். இங்கேதான் பலரும் கைகழுவுகிறார்கள், அல்லது விற்றுவிடுகிறார்கள். சாந்தமாகத் தொடர்ந்தால் பெரும்பாலும் கடந்துபோகும்.

11. நன்றாக இருந்த கிளி திடீரென்று கடித்தால் முதலில் உடம்பைப் பார்.

தீனி குறைந்ததா, எச்சம் மாறியதா, பகலில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? பறவை பார்க்கிற டாக்டர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அழைத்துக் கேட்டுவிட்டுப் போ. கூண்டைச் சமையலறையில் வைக்காதே. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் பறவை நிமிஷங்களில் செத்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் கூண்டை வெளியே எடுத்துவிடு. அவொக்காடோ ஒரு துண்டுகூடக் கொடுக்காதே. நீயும் கூண்டு கழுவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கிளியிடமிருந்து மனிதருக்கு வருகிற காய்ச்சலும் உண்டு. கடித்துத் தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்பால் கழுவு. ஆழமாக இருந்தால் கிளினிக்குக்குப் போ.

12. தீபாவளி.

திறந்த இல்லத்துக்கு வருகிற பிள்ளைகள் கூண்டுக்குள் விரல் விடுவார்கள், பெரியவர்கள் முறுக்கை நீட்டுவார்கள், வெளியே வெடிச் சத்தம். பல மாதம் நீ கட்டியதை ஒரு மாலைப்பொழுதில் கலைத்துவிடுவார்கள். காலையிலேயே கூண்டைப் பின்னறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திவிடு. கேட்டால் கிளி தூங்குகிறது என்று சொல். கோபித்துக்கொள்கிற மாமாவுக்கு இன்னொரு தட்டு மீ கோரெங் போட்டுக் கொடு.