இணையத்தில் நூல் தேடல்

பீன்யா தொழிற்பேட்டையில் பணிபுரியும் பெற்றோருடன் வாழும் மாணவி ஒருத்தி, ஊரில் கண்பார்வை மங்கியிருந்த தன் பாட்டிக்குக் 'கொன்றைவேந்தன்' நூலைத் தொலைபேசியில் படித்துக்காட்ட விரும்பினாள். ஒரு மின்னூலகத்தில் ஆசிரியர் பெயரை இட்டுத் தேடினாள், ஒன்றும் கிட்டவில்லை. நூல் அங்கே இருந்தது. பிழை எழுத்தில் இருந்தது. 'ஔ' என்னும் ஓரெழுத்துக்கு மாறாக 'ஒ', 'ள' என ஈரெழுத்துகளை அவள் இட்டிருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. 'அவ்வையார்' என எழுதுவாரும் உளர். எல்லா வடிவங்களையும் இட்டுத் தேடுதல் வேண்டும்.

தேடும் இடங்களும் ஒரே தன்மையன அல்ல. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி வெளியிடுகின்றனர். ஆதலால் நூலினுள் உள்ள எச்சொல்லையும் தேடலாம்; ஆயினும் தட்டெழுத்துப் பிழை நேர்ந்திருக்கக்கூடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பக்கங்களின் படங்களைக் காணலாம். அச்சில் உள்ளவாறே படிக்கலாம். ஆனால் படத்தினுள் ஒரு சொல்லைத் தேடுதல் அரிது. ஆகவே சொல்லை முன்னதில் கண்டு, ஐயம் எழுந்தால் பின்னதன் பக்கத்தோடு ஒப்பிடுக. இலங்கைத் தமிழரின் நூல்களும் இதழ்களும் வேண்டுவோர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' தளத்தை நாடுக.

பயிற்சி

1. 'ஔவையார்' என்னும் பெயரை எத்தனை வடிவங்களில் எழுதக் காண்கிறீர்கள்? எழுதுக.

2. உங்கள் பாட்டி அல்லது தாத்தா இளமையில் படித்த நூல் ஒன்றின் பெயரைக் கேட்டறிந்து, இரு தளங்களில் தேடுக. கண்டதையும் காணாததையும் ஐந்து தொடர்களில் எழுதுக.