வேலைநிறுத்தமும் அளவு நிறுவையும்

தொழிலாளர் சங்கத்தில் சேர்வது கூடுமா, வேலைநிறுத்தம் செய்வது ஆகுமா, வேலை செய்யாத நாட்களுக்குக் கூலி வாங்கலாமா என்னும் கேள்விகள் நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் தோல் தொழிற்சாலையின் முதலாளியும் அங்கே தோல் சுமக்கும் தொழிலாளியும் ஒரே பள்ளிவாசலில், ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றனர். இரு வீட்டாரும் நம் வாசகர்களே. ஒருவருக்கு மட்டும் இனிக்கும்படி எழுத நம்மால் இயலாது.

சங்கம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குகின்றனர். அவர்கள் மக்காவில் நபித்துவத்துக்கு முன் நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். யமனிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் பின் வாயில் என்னும் பெரும்புள்ளி, அதற்குரிய பணத்தைத் தர மறுத்தார். வெளியூர்க்காரருக்கு ஆள்பலம் ஏது? அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் குறைஷிக் கோத்திரத்தார் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவருக்கு உரிமை கிடைக்கும்வரை ஒன்றாய் நிற்போம் எனச் சத்தியம் செய்தனர். வாலிபராயிருந்த நம் பெருமானார் (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்பும், அப்படியொன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் வருவதாகவே அருளினார்கள். தனியாளாய்க் கேட்டுக் கிடைக்காத நியாயத்தைக் கூட்டாய்க் கேட்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டிலோ அந்த உரிமை எளிதில் வரவில்லை. 1918 ஏப்ரலில், பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அதன் தலைவர் பி. பி. வாடியா ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்று நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான், பதிவு பெற்ற சங்கத்தாருக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது.

இனி மார்க்கத்தின் வரம்புக்கு வருவோம். முதல் வரம்பு முதலாளிக்கு. வேலையை முழுமையாய் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரிப்பதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். கூலியைப் பிடித்து வைத்திருப்பவர், தம் ஆட்கள் வேலைக்கு வரவில்லையே என்று பள்ளிவாசலில் வந்து முறையிடுவது நமக்கு வியப்பாய் இருக்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு உழைத்ததை அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக்கினால் அது அவர்கள் விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தை வேலை கொடுத்த பெரியவரே சொல்கிறார். எந்தத் தவணையை முடித்தாலும் தம்மீது குற்றமில்லை என்பதை மூஸா நபியும் தெளிவாக்கிக் கொள்கிறார்கள். ஆகவே தவணையும் நிபந்தனையும் இருக்கையில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையைப் போட்டுவிட்டுப் போவது முறையன்று. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. சமரசப் பேச்சு நடக்கையில் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. பேச்சை இழுத்துக்கொண்டே போனால் எங்கள் உரிமை என்னாவது என்று சங்கத்தார் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். கூலியை இழுத்தடிப்பது எவ்வளவு குற்றமோ, பேச்சை இழுத்தடிப்பதும் அதற்குக் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

வேலைநிறுத்தத்தைவிட நாம் அதிகம் அஞ்சுவது மெதுவேலையை. வேலைநிறுத்தம் செய்பவர் உழைப்பையும் நிறுத்துகிறார், கூலியையும் இழக்கிறார். அவர் தராசில் இரு தட்டும் காலி. மெதுவேலை செய்பவரோ காலையில் ஆஜர் கொடுத்து, இயந்திரத்தருகே நின்று, பாதி வேலை செய்து, முழுக் கூலியையும் எண்ணி வாங்குகிறார். வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போருக்குக் கேடுண்டு என்றுதான் முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. அது மளிகைக் கடைத் தராசுக்கு மட்டும் வந்ததா என்ன? பத்து மணி நேர வேலை வாங்கி எட்டு மணி நேரக் கூலி கொடுக்கும் முதலாளியும் அதே வசனத்தின் கீழ்தான் வருகிறார்.

மூன்றாவது வரம்பு, வேலைக்குப் போகிறவரின் உடலும் வீடும். 1921இல் அதே ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடரில் மிகப் பலர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது; அவர்களுடைய குடிசைகள் தீக்கிரையாயின; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சங்கத்துக்கு விழுந்த அந்த அடியை எந்த முதலாளியாலும் தனியே கொடுத்திருக்க முடியாது. வேலைநிறுத்தம் செய்தோரில் நம்மவரும் இருந்தனர் என்பதை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை. நம் உழைப்பை நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அடுத்தவர் உழைப்பு நம் சொத்தன்று. அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய அவசியம் என்னவென்று நாம் அறியோம். அவரிடம் பேசலாம், கெஞ்சலாம். கை வைத்தால் அது ளுல்மு. மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிக்கும் இதே சட்டம்தான். நமக்கும் முதலாளிக்கும் உள்ள வழக்கில் அவர் கட்சிக்காரர் அல்லர்.

கூலியைப் பற்றிய கேள்வி எஞ்சியுள்ளது. நாள் கணக்கில் வேலைக்கமர்ந்தவர் தம்மை வேலைக்கு ஒப்படைத்தால்தான் கூலி அவர் உரிமையாகும் என்பது ஃபிக்ஹு நூல்களில் பரவலாய்க் காணப்படும் விதி. ஆகவே தாமே வராத நாட்களுக்குக் கூலியை உரிமையாய்க் கேட்பதற்கில்லை. சமரசத்தில் முதலாளி மனமொப்பிக் கொடுத்தால் ஹலால். தொழிலாளி வேலைக்குத் தயாராய் வந்து நிற்க முதலாளி கதவைப் பூட்டினால் நிலைமை வேறு. அங்கே அவர் கூலி கேட்பதற்கு இடமுண்டு.

அந்த நாட்களில் மளிகைக் கடையில் ஏறிய கடன் இருக்கிறதே, அது சங்கம் வென்றாலும் தோற்றாலும் வாங்கியவர் தலைமேல் நிற்கும். வீட்டுப் பெண்கள் அதை நாள்வாரியாய் எழுதி வைக்கட்டும். கையில் இல்லாதவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி அல்பகரா 280ஆம் வசனம் கடைக்காரருக்குச் சொல்கிறது.